ஒரே ஆளிடம் இருபது வருஷம் அதே கேள்வியைக் கேட்பது எதற்கு?

ஜூலை 6, காலை (ஒரு வாசகர் கேட்டது)

"நியூசிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் வருஷா வருஷம் அதே ஆட்களிடம் அதே கேள்விகளைக் கேட்கிறதாம். அரசாங்கத்தை நம்புகிறீர்களா, கடவுளை நம்புகிறீர்களா, நன்றாகத் தூங்குகிறீர்களா, கூச்ச சுபாவமா. இருபது வருஷத்துக்கு இதே வேலை. இந்தத் தடவை ஆயிரம் பேர், அடுத்த தடவை வேறு ஆயிரம் பேர் என்று கேட்டாலும் அதே விடைதானே வரும்? எதற்கு இவ்வளவு பணத்தைக் கொட்ட வேண்டும்? நம் ஊரில் இதெல்லாம் நடக்கவே நடக்காது. யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்."

ஜூலை 6, இரவு

கடைசி வரியில் பாதி சரி. மற்றதற்குப் பதில் சொல்கிறேன்.

அந்த ஆய்வு 2009இல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சிப்லி என்ற உளவியல் பேராசிரியர் தொடங்கியது. வாக்காளர் பட்டியலில் இருந்து பேர் எடுத்துப் படிவம் அனுப்பினார்கள், முதல் சுற்றில் 6,500 பேருக்குச் சற்று மேல் பதில் போட்டார்கள். அவர்களையே வருஷா வருஷம் திரும்பக் கேட்கிறார்கள். மனப்பான்மை, சுபாவம், உடல்நலம் மூன்றும் ஒரே படிவத்தில் இருக்கும்.

வேறு ஆயிரம் பேர் போதாதா என்கிறீர்கள். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். எங்கள் சேலத்து அம்மாபேட்டையில் இந்த வருஷம் 100 பேரைக் கேட்கிறோம், 40 பேர் போலீசை நம்புவதாகச் சொல்கிறார்கள். அடுத்த வருஷம் வேறு 100 பேர், அப்போதும் 40. ஒன்றும் மாறவில்லை என்று அறிக்கை எழுதிவிடுவோம். ஆனால் நம்பியவர்களில் 20 பேருக்கு நம்பிக்கை போய், நம்பாதவர்களில் 20 பேருக்குப் புதிதாக வந்திருந்தாலும் அதே 40தான் வரும். ஒருத்தரும் அசையாத ஊரும், 40 பேர் கட்சி மாறிய ஊரும் ஒன்றா? அதே ஆளிடம் திரும்பப் போனால்தான் இந்த இரண்டையும் பிரிக்க முடியும்.

ஜூலை 7, மதியம்

சாப்பாட்டு நேரம், சுருக்கமாக ஒன்று. 2011 பிப்ரவரி 22 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் நிலநடுக்கம் வந்து 185 பேர் இறந்தார்கள். அந்த ஊர் ஆட்கள் பலர் 2009இலேயே இந்த ஆய்வில் பதில் சொல்லியிருந்தார்கள், மதம் பற்றிய கேள்வி உட்பட. திரும்பக் கேட்டபோது நாட்டில் மற்ற இடங்களில் மதப் பிடிப்பு குறைந்துகொண்டிருக்க, நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களிடம் மட்டும் அது கூடியிருந்தது. 2012இல் சிப்லியும் ஜோசஃப் புல்புலியாவும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

நிலநடுக்கத்துக்கு அப்புறம் புதிதாகப் போய் "உங்களுக்கு பக்தி கூடியதா" என்று கேட்டிருந்தால்? வீடு இடிந்து நிற்கிறவர் என்ன சொல்வார், அன்றைக்கு வாயில் வருவதைச் சொல்வார். நிலம் நடுங்குவதற்கு முன்னால் எழுதி வைத்த பதில் கையில் இருந்தது, அதுதான் விஷயம். நிலநடுக்கம் தேதி சொல்லிக்கொண்டு வராது, அதனால்தான் ஒன்றும் நடக்காத வருஷங்களிலும் விடாமல் கேட்க வேண்டியிருக்கிறது.

2020 ஊரடங்கிலும் இதே கதை. ஊரடங்குக்கு முன் பதில் சொன்னவர்களையும் ஊரடங்கின்போது பதில் சொன்னவர்களையும் வயது, வருமானம் எல்லாம் பொருத்தி வைத்துப் பார்த்தார்கள். அரசு, போலீஸ், அறிவியல் மேல் நம்பிக்கை கூடியிருந்தது, மன உளைச்சலும் சற்றுக் கூடியிருந்தது.

ஜூலை 7, இரவு

"இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் யார்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெரிய ஆள் இல்லை. ஆத்தூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன். அதற்கு முன் சில வருஷம் சர்வே வேலை. சேலம், நாமக்கல், தருமபுரி என்று தோளில் பை, கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். வீட்டுவரிக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து நாய் அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் காபி கொடுத்தவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் கஷ்டம். பேர் சேர்க்க முடியாது என்று சொல்வதற்குள் காபியைக் குடித்து முடித்திருப்பேன்.

நம் ஊரில் நடக்காது என்றது தவறு. லாசி என்று சுருக்கமாகச் சொல்லும் ஆய்வு இருக்கிறது, இந்தியாவில் முதுமை பற்றிய நீண்டகால ஆய்வு. மும்பையில் உள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனம், ஹார்வர்டு, தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து நடத்துவது. முதல் சுற்று 2017-18. 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களுடைய கணவன் மனைவிமாரும் என 72,000க்கும் மேல். உயரம், எடை, பிபி, கைப்பிடி வலு, நடக்கும் வேகம், நினைவாற்றல், மனச்சோர்வு, வாழ்க்கை திருப்தி எல்லாம் அதில் உண்டு.

ஜூலை 9

கீழே ஒருவர் "தேசிய குடும்பநல ஆய்வும் இதே மாதிரிதானே" என்கிறார். இல்லைங்க. அது 1992-93இல் தொடங்கி இதுவரை ஐந்து சுற்றுக்கு மேல் ஓடிய பெரிய வேலை, ஐந்தாவது சுற்றில் மட்டும் ஆறு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் வீடுகள். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வீடு புதிது, ஆள் புதிது. சேலம் மாவட்டத்தில் ரத்தசோகை கூடியதா குறைந்ததா என்று அது சொல்லும். போன தடவை சோகையாக இருந்த அதே பெண் இப்போது எப்படி இருக்கிறார் என்று சொல்லாது.

போன வீட்டுக்கே திரும்பப் போனது என்றால் இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு. 2004-05இல் 41,554 குடும்பங்கள். 2011-12இல் திரும்பப் போனபோது 83 சதவீதத்தைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டார்கள். எண்பத்து மூன்றா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். சேலத்தில் குகை என்ற பகுதியில் லைன் வீடுகளில் குடியிருந்தவர்களை ஏழு வருஷம் கழித்துத் தேடிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஜூலை 10, காலை

சுபாவம் பற்றிய கேள்விகளுக்கு வருகிறேன். ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது.

இந்தப் படிவங்களில் ஒரே விஷயத்தை நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று கேட்பார்கள். "நான் நாலு பேர் கூடினால் கலகலப்பாகப் பேசுவேன்" என்று ஒன்று. பத்து கேள்வி தள்ளி "நான் கூட்டத்தில் பேசாமல் ஒதுங்கி இருப்பேன்" என்று இன்னொன்று. ஒன்றுக்கு ஆமாம் என்றால் மற்றதற்கு இல்லை என்று வர வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறை வீடு. வாசலில் சின்ன ஊதுகுழல் அடுப்பு, கொலுசுக்குப் பொடி வைத்துக்கொண்டே ஒரு அம்மா பதில் சொன்னார். கலகலப்பாகப் பேசுவீர்களா? "ஆமாங்க." சீக்கிரம் கோபம் வருமா? "ஆமாங்க." பொறுமைசாலியா? "ஆமாங்க." கூட்டத்தில் ஒதுங்கி இருப்பீர்களா? "ஆமாங்க, அதுவும்தான்." நான் எதைக் கேட்டாலும் அந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை, கண் முழுக்கப் பற்றவைப்பில். வீட்டுக்கு வந்த பிள்ளை ஒன்று கேட்கிறது, இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்ற பெருந்தன்மை.

இது செவ்வாய்ப்பேட்டைக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 2019இல் ஒரு பெரிய கட்டுரை வந்தது. வருமானம் குறைந்த, நடுத்தரமான 23 நாடுகளில் வீடு வீடாகப் போய்க் கேட்ட ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு ஆளின் சுபாவத்தை ஐந்து குணங்களாகப் பிரித்து அளக்கும் கணக்கு ஒன்று உண்டு. மேலைநாட்டுப் படிப்பாளிகளிடம் ஒழுங்காக வேலை செய்யும் அது, நேரில் போய் வாய்மொழியாகக் கேட்ட இடங்களில் பெரும்பாலும் கலைந்துபோயிருந்தது. எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவது ஒரு காரணம், கேட்பவர் முகத்துக்காகச் சொல்வது இன்னொரு காரணம்.

ஜூலை 10, இரவு

காலையில் எழுதியதை மில்லில் இருந்து வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த அம்மா ஆமாம் போட்டார் என்று முடித்துவிட்டால் அவருக்கு அநியாயம்.

படிவம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது அவர் சொன்னது இது: பிறந்த வீடு மேச்சேரி பக்கம், அங்கே போனால் வாய் ஓயாது. இங்கே நாத்தனார், ஓர்ப்படி நடுவில் பேசினால் வம்பு, அதனால் வாயைத் திறப்பதில்லை. ஆக இரண்டு ஆமாமும் நிஜம். கேள்விதான் "எங்கே இருக்கும்போது" என்று கேட்கவில்லை. சுபாவம் என்பது உடம்போடு வருகிற ஒன்று, எந்த வீட்டில் இருந்தாலும் அதே ஆள் என்று நினைத்துக்கொண்டு கேள்வி எழுதியிருக்கிறார்கள். கல்யாணம் ஆகிப் புகுந்த வீட்டுக்கு வந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள், அப்படி இல்லை என்று.

இதற்கும் திரும்பப் போவதுதான் வழி. பத்து வருஷம் கழித்து மாமியார் காலமாகி, இவரே வீட்டுக்குப் பெரியவராக ஆன பிறகு அதே கேள்வியைக் கேட்டால் "ஒதுங்கி இருப்பேன்" என்பது காணாமல் போயிருக்கும். சுபாவம் மாறியது என்று கணினி சொல்லும். மாறியது வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பகுதியை அலுப்புப் பார்க்காமல் ஒவ்வொரு தடவையும் நிரப்புவது இதனால்தான்.

பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து கடலூர், விழுப்புரம் பக்கத்து கிராமங்களில் ஒரு தொடர் ஆய்வு நடக்கிறது, 2010இல் முதல் சுற்று, அப்புறம் 2016-17, 2020-21. கடன், வேலை, உறவு வலை இவற்றோடு சுபாவத்தையும் சேர்த்துக் கேட்கிறார்கள். கடன் வாங்குவதற்கும் சுபாவத்துக்கும் உள்ள தொடர்பை நம் ஊர் மண்ணில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

ஜூலை 13

"சில சர்வேயில் ரத்தமும் எடுக்கிறார்களே, அதை என்ன செய்கிறார்கள், விற்கிறார்களா?" என்று கேட்டவருக்கு: ஐந்தாறு சொட்டுக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

எடுக்கிற விதம் இது. விரல் நுனியைத் துடைத்து, சின்ன ஊசியால் ஒரு குத்து. முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிடுவோம். அடுத்த சொட்டுகளை, வட்டம் அச்சடித்த ஒரு கெட்டி வடிகட்டித் தாளில் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒன்றாக விழ வைக்க வேண்டும். விரல் தாளில் பட்டால் அந்த வட்டம் வீண். அப்புறம் காய வைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையில் போட்டு அனுப்புவோம். எழுத இரண்டு நிமிஷம், செய்யும்போது தெரியும். அம்மாபேட்டை நெசவுக்காரர் ஒருவருக்கு விரல் நுனி காய்த்துப்போய் ஊசியே இறங்கவில்லை. நாடாவைப் பிடிக்காத விரல் எது என்று கேட்டு, அவர் யோசித்து யோசித்து இடது மோதிர விரலை நீட்டினார்.

பிபி கருவி வேறு கதை. அதை வெளியே எடுத்தால் போதும், தெருவே வரும். சாம்பிளில் இருப்பவர் ஒருவர்தான், ஆனால் எதிர் வீட்டுத் தாத்தா சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார், மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சூப்பர்வைசர் திட்டுவார், பேட்டரி செலவு என்று.

ஆனால் அந்தக் கருவியில் எனக்கு ஒரு நன்மை இருந்தது. மருமகளிடம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கும், மாமியார் நகர மாட்டார். "வாங்கம்மா, உங்களுக்கு பிபி பார்க்கலாம்" என்று கூட வந்த தோழி அவரைத் திண்ணைக்குக் கூட்டிப்போய்விடுவாள். ஒரு தடவை பார்த்து, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, அப்புறம் இன்னொரு கை. அதற்குள் நான் முடித்துவிடுவேன். குடும்பநல ஆய்வில் கணவன் அடிப்பதைப் பற்றிய பகுதியை வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமை கிடைத்தால் மட்டும் கேட்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் தனிமை எங்கே கிடைக்கும் என்று விதியில் எழுதியிருக்காது.

ஜூலை 14

விட்டுப்போனது ஒன்று. பிபி பார்த்தால் எண்ணைச் சொல்லியாக வேண்டும், ரொம்ப அதிகம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதியும் கொடுப்போம். அவர் பயந்து போய் மாத்திரை ஆரம்பித்துவிடுவார். நல்லதுதான். ஆனால் அடுத்த சுற்றில் அவர் பிபி குறைந்திருக்கும், பக்கத்துத் தெருவில் நாம் தொடாத ஆளுக்கு ஏறியிருக்கும். ஊர் முழுக்க எப்படி என்று தெரிந்துகொள்ளத் தேர்ந்தெடுத்த ஆளை நாமே ஊரில் இருந்து பிரித்துவிடுகிறோம். தொடர் ஆய்வு செய்கிறவர்களுக்கு இது பழைய தலைவலி. சில ஆய்வுகளில் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் புது ஆட்களையும் சேர்த்து, பழையவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்காகவும்தான்.

2021 ஆகஸ்டுக்கு அப்புறம் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிபி பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். அதனால் தெருக்கூட்டம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். எதிர் வீட்டுத் தாத்தா மட்டும் வருவார்.

ஜூலை 18

ஆடி பிறந்தாயிற்று. கோட்டை மாரியம்மன் பண்டிகை முடியும் வரை சேலத்தில் யாரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்க முடியாது. வெளியூர் அலுவலகத்தில் உட்கார்ந்து கால அட்டவணை போடுகிறவர்களுக்கு இது புரியவே புரியாது.

மலை ஊர்களில் சர்வே எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏற்காடு மேலே, கொண்டை ஊசி வளைவு இருபதும் ஏறி, டவுனைத் தாண்டி நாகலூர் பக்கம் போயிருக்கிறேன். அங்கே ஒரு ஏணிப் படம் காட்டிக் கேட்க வேண்டும். மேல் படி ரொம்ப நல்லா இருக்கிறவர்கள், கீழ்ப் படி ரொம்பக் கஷ்டப்படுகிறவர்கள், நீங்கள் எந்தப் படி? காபித் தோட்டத்து வேலைக்குப் போகும் ஒரு மலைவாசி அம்மா படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த மாசத்துக்குக் கேக்கற கண்ணு?" என்றார். பழம் பறிக்கும் மார்கழி, தைக்கு ஒரு படி. மிளகு முடிந்து மழைக்குக் காத்திருக்கும் வைகாசிக்கு வேறு படி. வீட்டுக்காரர் மிளகு பறிக்கக் கேரளா போய்ப் பணம் அனுப்பினால் இன்னொரு படி. டேப்லெட்டில் ஒரு எண்தான் ஏறும். நாங்கள் போனது ஆனியில், அதனால் ஆனி மாசத்துப் படி ஏறியது.

அடுத்த சுற்று தையில் வந்தால் அந்த அம்மா வாழ்க்கையில் இரண்டு படி முன்னேறியதாக வரைபடம் போடுவார்கள். நியூசிலாந்துக்காரர்கள் வருஷம் முழுக்க ஒவ்வொரு நாளும் பதில்கள் வரும்படி வைத்திருக்கிறார்கள், அதனால் மாசத்தின் வேலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க முடிகிறது. இங்கே எந்த மாசம் ஜீப் கிடைக்கிறதோ அந்த மாசம்.

ஜூலை 21

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

"பழைய மனப்பான்மையை இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டால் போதாதா, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்குமே" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சேலம் மாவட்டத்துக்காரர்கள் இதைச் சொல்லக் கூடாது. பெண் குழந்தை வேண்டாம் என்பவர்கள் அரசுத் தொட்டிலில் விட்டுப்போகலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது இங்கேதான். ஏன் இங்கே என்று எல்லோருக்கும் தெரியும். பெண் குழந்தை பிறந்தால் என்ன செய்தார்கள் என்பது அன்றைய பத்திரிகைகளில் வந்தது, சட்டசபையில் பேசப்பட்டது.

ஒரு ஊரில் அறுபது தாண்டிய பெண்கள் நிறையப் பேரிடம் பேசியிருக்கிறேன். பிள்ளை, பெண் என்று வித்தியாசம் பார்த்தீர்களா என்றால் "நாங்க எப்பவுமே பாக்கல அம்மணி, பக்கத்து ஊர்லதான் அப்படி" என்பார்கள். பக்கத்து ஊருக்குப் போனால் அவர்கள் இந்த ஊரைக் காட்டுவார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. இன்றைக்குப் பேத்தியை இன்ஜினியரிங் சேர்க்க நகையை அடகு வைத்த பாட்டிக்கு, முப்பது வருஷத்துக்கு முன்னால் தான் நினைத்தது என்ன என்று நிஜமாகவே தெரியாது. மனசு தன் பழைய கருத்தைப் புதுசுக்கு ஏற்றமாதிரி திருத்தி எழுதிக்கொண்டே இருக்கும். அன்றைக்கே கேட்டு, தேதி போட்டு வைத்த பதில் ஒன்று இருந்து, அதே பெண்ணிடம் 2002இலும் 2012இலும் கேட்டிருந்தால், எப்போது, எதனால் மாறினார் என்று தெரிந்திருக்கும். பெண் படித்ததாலா, வேலைக்குப் போனதாலா, பக்கத்து வீட்டைப் பார்த்தா, கேஸ் வரும் என்ற பயமா. இப்போது எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். திட்டத்தால்தான் மாறியது என்று அரசும் சொல்லலாம், படிப்பால்தான் என்று வாத்தியார்களும் சொல்லலாம்.

ஜூலை 22

நேற்றைய பதிவில் எங்கள் சாதியைக் குறை சொன்னாய் என்று வந்த காரசாரம் எல்லாம் படித்தேன். யார் சாதியையும் நான் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை.

சாதி பற்றியே ஒரு கேள்விமுறை உண்டு, அதைச் சொல்கிறேன். மேலே சொன்ன மனிதவள ஆய்வில் 2011-12இல் "உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்க்கிறார்களா" என்று நேராகவே கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம் அடுத்து, "பட்டியல் சாதியினர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ பாத்திரத்தைப் பயன்படுத்தினாலோ பரவாயில்லையா" என்று ஒன்று. முதல் கேள்வியில் தப்பித்தவர்களில் கொஞ்சம் பேர் இரண்டாவதில் மாட்டினார்கள். இரண்டையும் சேர்த்து நாடு முழுக்க ஏறத்தாழ 27 சதவீத வீடுகள். கேள்வி எழுதத் தெரிந்தவர்கள் எழுதியது. ஆனாலும் கேட்கிற பெண் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று முதலிலேயே விசாரித்துவிட்டுத்தான் பதில் வரும். என்னிடம் ஒரு பதில், என் தோழியிடம் வேறு பதில் என்று ஒரே தெருவில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கேள்வி கேட்டவரின் அடையாள எண்ணையும் படிவத்தில் பதிகிறார்கள். பதிந்ததை எத்தனை பேர் எடுத்துப் பார்க்கிறார்கள் என்பது வேறு.

ஜூலை 27

"சரி, இவ்வளவு நல்லது என்றால் இங்கே ஏன் நிலைக்க மாட்டேன் என்கிறது?" நல்ல கேள்வி. என் வருஷங்கள் முழுக்க இதற்குள்தான் போனது.

நியூசிலாந்திலேயே டனீடன் என்ற ஊரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளைத் தொடர்கிறார்கள். 45 வயதில் உயிரோடு இருந்தவர்களில் 94 சதவீதம் பேர் வந்து பரிசோதனைக்கு உட்கார்ந்தார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் விமான டிக்கெட் போட்டு வரவழைக்கிறார்கள். சின்ன வயதில் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்த பிள்ளைகளுக்கு முப்பது வயது தாண்டி உடம்பும் பணமும் ஒப்பீட்டில் நன்றாக இருந்தது என்று 2011இல் அவர்கள் சொன்னது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 5,362 பேரை இன்னும் விடவில்லை. டெல்லியிலும் வேலூரிலும் 1969ஐ ஒட்டிப் பிறந்தவர்களை வளர்ந்த பிறகும் தேடிப் பிடித்தார்கள். இரண்டு வயதில் ஒல்லியாக இருந்து அப்புறம் எடை ஏறியவர்களுக்குச் சர்க்கரை அதிகம் என்று டெல்லி ஆய்வு 2004இல் சொன்னது. ஆக இங்கே முடியாது என்பதில்லை.

யார் தேடுகிறார்கள் என்று பாருங்கள். நான் வேலை பார்த்த ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் முடிந்த படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஆள் கிடைக்காத நாளுக்கு ஒன்றும் கிடையாது, பஸ் காசு நம்முடையது, அதையும் கடைசி மாதம் தரவில்லை. புது ஆளைக் கேட்கும் ஆய்வில் இது ஓடும், ஒரு வீடு பூட்டியிருந்தால் மாற்று வீடு கொடுப்பார்கள். தொடர் ஆய்வில் மாற்று வீடு கிடையாது, அதே ஆள்தான் வேண்டும். அவர் குகையில் இருந்து கொண்டலாம்பட்டிக்குப் போயிருப்பார், போன் நம்பர் மாறியிருக்கும், பழைய வீட்டுக்காரருக்கும் அவருக்கும் அட்வான்ஸ் தகராறு. பால்காரரைக் கேட்டு, பிள்ளை படித்த பள்ளிக்கூடத்தில் விசாரித்து, ஒரு நாள் முழுக்க அலைந்து பிடித்தால் ஒரு படிவம். பிடிக்காவிட்டால் பூஜ்யம். இந்தக் கூலியில் யார் தேடுவார்கள்? "வெளியூர் சென்றுவிட்டார்" என்று ஒரு பொத்தானை அமுக்கினால் வேலை முடிந்தது. பலர் அமுக்கினார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதில் இன்னொன்று இருக்கிறது. காணாமல் போகிறவர்கள் ஏனோதானோ என்று போவதில்லை. வாடகை வீட்டுக்காரர், கடன்பட்டவர், புருஷனை விட்டு வந்தவர், உடம்பு முடியாமல் மகள் வீட்டுக்குப் போனவர் இவர்கள்தான் முதலில் போவார்கள். சொந்த வீடு, பென்ஷன், அதே போன் நம்பர் உள்ளவர் கடைசி வரை இருப்பார். அவர்களை மட்டும் வைத்துக்கொண்டு சேலம் சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்லலாம். புள்ளிவிவரக்காரர்கள் எடை போட்டுச் சரிசெய்வார்கள், ஓரளவு முடியும். ஆனால் கண்டுபிடிக்காத ஆளின் பதிலை எந்த எடையும் எழுதித் தராது.

போன தடவை வந்த அதே பெண் திரும்ப வந்தால் கதவு திறக்கும், இதை நான் பார்த்திருக்கிறேன். "நீதானே அன்னிக்கு விரல்ல குத்தின பாப்பா" என்று ஒரு தாத்தா கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆனால் இரண்டு சுற்றுக்கு இடையில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அடுத்த டெண்டர் வேறு நிறுவனத்துக்குப் போகும், புதுப் பிள்ளைகள் வருவார்கள். பதில் சொல்கிறவர்களைத் தொடர்வதற்கு இருபது வருஷத் திட்டம் இருக்கிறது, தொடர்கிறவர்களுக்கு மூன்று மாத ஒப்பந்தம்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு என்று மில் லீவு, அதனால் மீதிக் கேள்விகளுக்குப் பதில்.

வீட்டுக்கு வந்தால் பதில் சொல்லலாமா? அடையாள அட்டையும் நிறுவனத்தின் கடிதமும் கேளுங்கள், ஒப்புதல் படிவத்தை அவர்கள் படித்துக் காட்டியாக வேண்டும், ஒரு பிரதி வாங்கி வையுங்கள். எந்தக் கேள்வியையும் வேண்டாம் என்று தாண்டலாம், பாதியில் நிறுத்தலாம். ஓடிபி கேட்டால் அது சர்வே இல்லை, கதவைச் சாத்துங்கள். வங்கி நம்பர் கேட்டாலும் அப்படியே.

உங்கள் மனைவியிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். இது ஆண்களுக்கு. "அவளுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன்" என்பவரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படிவம் நிரப்புவது எவ்வளவு பெரிய கொடுமை என்று உங்களுக்குத் தெரியாது.

திரும்ப வருவோம் என்று சொல்லி உறவினர் போன் நம்பர் இரண்டு கேட்பார்கள். அதைக் கொடுக்கத்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். நம்பிக்கை இருந்தால் கொடுங்கள், வீடு மாறாத தம்பி, அக்கா யாருடையதாவது. சும்மா பேர் கொடுக்க வேண்டுமே என்று பழைய வீட்டுக்காரர் நம்பரைக் கொடுக்காதீர்கள், அட்வான்ஸ் தகராறில் அவர் எங்களைத்தான் திட்டுவார்.